இல்லக் கூட்டல் மேம்பாட்டுக் கருத்திட்டம்

கூட்டல் கணக்கு உலகத்தில் தோன்றி எத்தனையோ ஆயிரம் ஆண்டுகள் ஆகிவிட்டன. இத்தனை காலமும் அது அநாதையாகவே நடமாடி வந்திருக்கிறது. யாரோ ஒருவன் இரண்டு தேங்காயோடு மூன்று தேங்காயை வைத்தான், ஐந்து என்றான், வீட்டுக்குப் போனான். ஒரு பதாகை இல்லை, வரவேற்புரை இல்லை, வருகைப் பதிவேடு இல்லை. இந்தப் பெருங்குறையைத் தீர்த்து, கூட்டலுக்கு முறைப்படி ஓர் அங்குரார்ப்பண வைபவம் எடுத்த பெருமை, காத்தான்குடியில் வாவிக் கரையை நோக்கி இறங்கும் ஓர் ஒழுங்கையின் கடைசி வீட்டுக்கே உரியது.

வைபவம் ஒரு வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு, அந்த வீட்டு ஹோலில் நடந்தது. சுவரில் நீலப் பதாகை. ‘இல்லக் கூட்டல் மேம்பாட்டுக் கருத்திட்டம் – முதலாம் கட்டம்’ என்று அதில் கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தது. வருகை தந்தோர் நால்வர்: வீட்டுத் தலைவர் ஜனாப் நஸீர், அவருடைய மனைவி நிஸ்மியா, ஏழு வயது மூத்த மகள் நிஸ்றா, ஐந்து வயது இளைய மகள் பர்ஸானா. நால்வரும் பதிவேட்டில் ஒப்பமிட்டார்கள். எழுதத் தெரியாத பர்ஸானா பெருவிரலை வைத்தாள். பதவி என்ற கட்டத்தில் நிஸ்மியா என்ன போடுவதென்று கேட்க, ‘பங்குதாரர்’ என்று போடும்படி நஸீர் சொன்னார்.

“மதிப்புக்குரிய சபையோர்களே,” என்று அவர் எழுந்து தொண்டையைச் செருமினார்.

“சபையோருக்கு அடுப்புல சோறு இரிக்கி. கெதியாச் சொல்லுங்க,” என்றாள் நிஸ்மியா.

“ஒரு பிள்ளைக்கு இருபது வரைக்கும் கூட்டத் தெரியாட்டி, அந்தப் பிள்ளையின் எதிர்காலம் என்ன? அந்தச் சமூகத்தின் எதிர்காலம் என்ன?”

“எனக்குத் தெரியுமே வாப்பா,” என்றாள் நிஸ்றா.

“கேள்விகளுக்கு இறுதியில் நேரம் ஒதுக்கப்பட்டுள்ளது மகள்.”

இறுதியில் நேரம் போதவில்லை. நன்றியுரை நீண்டுவிட்டது. நஸீர் தமக்குத் தாமே நன்றி சொன்னதிலேயே ஏழு நிமிஷம் போனது.

நஸீரைச் சாமானியமாக நினைத்துவிடக் கூடாது. கடல் பொங்கி ஊரை அழித்த மறு வருஷத்திலிருந்து பதினேழு வருஷம், மட்டக்களப்பில் ஓர் அரச சார்பற்ற நிறுவனத்தில் ‘கண்காணிப்பு, மதிப்பீட்டு உத்தியோகத்தர்’ என்ற பதவியை அலங்கரித்தவர். கிணறு தோண்டுவது இன்னொருவர் வேலை. தண்ணீர் வந்ததா என்று பார்ப்பது மற்றொருவர் வேலை. வந்த தண்ணீரால் சனங்களின் வாழ்க்கை எத்தனை வீதம் முன்னேறியது என்று எழுதுவதுதான் நஸீரின் வேலை. அவர் அறிக்கைகளில் சனங்கள் முன்னேறாமல் போனதே இல்லை. ஒரு கிராமத்தில் கிணறே தோண்டாமல் விட்டுவிட்டார்கள்; அங்கேயும் எழுபது வீதம் முன்னேறினார்கள். அப்புறம் கொடையாளருக்கு வேறொரு நாட்டில் இதைவிட நல்ல அழிவு கிடைத்துவிட்டது. நிறுவனத்தை மூடிக்கொண்டு போய்விட்டார்கள். நஸீரிடம் மிஞ்சியது சுவரில் ஒட்டி எழுதும் டிமை தாள் மூன்று கட்டு, ஒரு பெட்டி மார்க்கர் பேனை, பதினேழு வருஷ அனுபவம். மூன்றையும் எங்கே பிரயோகிப்பது என்று அவர் ஊரையெல்லாம் பார்த்தார். கடைசியில் வீட்டுக்குள் பார்த்தார். அங்கே இரண்டு பயனாளிகள் ஓடி விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

நிஸ்றா அப்போது இரண்டாம் ஆண்டில் படித்துக்கொண்டிருந்தாள். பெற்றோர் கூட்டத்துக்குப் போன நஸீர், வகுப்பாசிரியை ஸகியா டீச்சரிடம், “உங்கட கற்பித்தலுக்குக் குறிகாட்டி என்ன?” என்று கேட்டார்.

டீச்சர் யோசித்துப் பார்த்து, “குறிகாட்டியெண்டா… பிள்ளைக்கு வெளங்கினா மூஞ்சில தெரியும்,” என்றார்.

“மூஞ்சி ஒரு சரிபார்க்கும் மூலமா?”

“நான் மூஞ்சியத்தான் பாக்கிற, நஸீர் நானா.”

இப்படிப்பட்ட இடத்தில் பிள்ளையை விட்டுவைக்க எந்தத் தகப்பனுக்கு மனம் வரும்? மறுநாளே நஸீர் மகளை நிறுத்திவிட்டார். அதிபர் நல்ல மனுசன். மூன்றாம் தவணை தொடங்கும் திங்கட்கிழமைக்குள் கூட்டி வந்தால் சேர்த்துக்கொள்வதாகவும், அதற்குப் பிறகு தன்னால் ஒன்றும் ஏலாது என்றும் சொல்லி அனுப்பினார்.

நிஸ்மியா இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் பேசினாள். அவள் வீட்டில் இருந்தபடி ஹபாயா தைப்பவள். நூலை வெட்டுவது போலப் பேசுவாள்.

“நாலு மாசம் தாறன். தவண தொடங்கிற திங்கக்கிழமைக்கு முந்தி, வெளியாள் ஒருத்தருக்கு முன்னால, இருபது வரைக்கும் புள்ள சரியாக் கூட்டிக் காட்டணும். காட்டினா உங்கட இஷ்டம். காட்டாட்டி ஸ்கூல் வெள்ளச் சட்ட.”

“இது ஒரு சிறந்த வெளி மதிப்பீட்டு ஏற்பாடு,” என்று நஸீர் குறித்துக்கொண்டார்.

நிஸ்றாவிடம் யாரும் கேட்கவில்லை. பயனாளிகளிடம் கேட்பது நாலாவது கட்டத்தில்தான் வரும். அவள் தினமும் காலை ஏழு மணிக்குக் கேற்றுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். ஸ்கூல் வான் ஒழுங்கைத் தலைப்பில் ஹோன் அடித்துவிட்டுப் போகும். அதன் சத்தம் அடங்கும் வரைக்கும் நின்றுவிட்டு உள்ளே வருவாள்.

அங்குரார்ப்பணத்துக்கு மறுநாள் ஆரம்ப மதிப்பீடு நடந்தது. எந்தக் கருத்திட்டத்துக்கும் அதுதான் உயிர். தொடங்கும்போது பயனாளி எவ்வளவு கீழே இருந்தார் என்று தெரிந்தால்தானே, முடியும்போது எவ்வளவு மேலே தூக்கினோம் என்று சொல்லலாம். நஸீர் இருபது கணக்குகளை அச்சடித்துக் கொடுத்தார். நிஸ்றா பென்சிலைக் கடித்துக்கொண்டு ஐந்து நிமிஷத்தில் செய்து கொடுத்தாள்.

நஸீர் திருத்தினார். முகம் கறுத்தது. மீண்டும் திருத்தினார். சந்தேகமேயில்லை. இருபதில் பத்தொன்பது சரி. பத்தும் பூச்சியமும் என்ற ஒரு கணக்கை மட்டும் அவள் செய்யவில்லை. ‘ஒண்டுமில்லாததை ஏன் கூட்டணும்’ என்று பக்கத்தில் எழுதியிருந்தாள்.

அந்த மனிதரின் வேதனையை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரு தகப்பன், வேலை வெட்டியெல்லாம் விட்டு, பதாகை அடித்து, மகளின் அறியாமையைப் போக்க மனமுவந்து வந்து நிற்கிறான். மகளிடம் அறியாமை இல்லை. கிணறு தோண்டப் போன இடத்தில் ஆறு ஓடினால் என்ன செய்வது?

“இதெல்லாம் ஆர் சொல்லித் தந்த?” என்றார் நொந்து.

“உம்மாட பொத்தான்.”

உண்மைதான். நிஸ்மியா தைக்கும்போது, “முன்னுக்கு ஏழு, கைக்கு எட்டு, எடுத்து வா புள்ள,” என்பாள். நிஸ்றா டின்னுக்குள் கையை விட்டு எண்ணிக்கொண்டு வருவாள். ஒன்று குறைந்தால் திரும்பிப் போக வேண்டும். ஓர் ஆறு மாதம் திரும்பித் திரும்பி நடந்த கால், பிறகு நடப்பதை நிறுத்திவிட்டது. பதினைந்து என்றால் பதினைந்து.

“மகள், இஞ்ச வாங்க,” என்று நஸீர் அவளை அருகில் இருத்தித் தலையைத் தடவினார். “நீங்க நல்ல புள்ளதானே? இப்ப இது ஆரம்பம். ஆரம்பத்துல தெரியப்படாது.”

“ஆனா தெரியுதே வாப்பா.”

“தெரியும். ஆனா ஆரம்பத்துல தெரியாது. கடைசில தெரியும். நடுவுல கொஞ்சம் தெரியும். அதுக்குப் பேருதான் முன்னேற்றம். வெளங்கிச்சா?”

“பொய்யா சொல்லணும்?”

“பொய்யில்ல மகள். தரவு.”

இரண்டாம் தடவை எழுதுவித்தபோது பன்னிரண்டு சரி. மூன்றாம் தடவை மூன்று. இருபதில் மூன்று, பதினைந்து வீதம். நஸீர் மனம் குளிர்ந்து, மகளின் நெற்றியில் முத்தமிட்டார். பிறகு அவளைப் பதாகைக்குக் கீழே நிறுத்தி, ஒரு படம் எடுத்தார்.

“சிரிக்கப்படாது. கவலையா நில்லுங்க. தெரியாத புள்ள எப்பிடி நிப்பா?”

நிஸ்றா ஸ்கூல் வானை நினைத்துக்கொண்டாள். படம் நன்றாக வந்தது.

பர்ஸானாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவள் ‘ஒப்பீட்டுக் குழு’. கருத்திட்டம் இல்லாவிட்டால் ஒரு பிள்ளை எப்படியிருக்கும் என்று உலகத்துக்குக் காட்ட, ஒன்றும் சொல்லிக் கொடுக்காத பிள்ளை ஒன்று வேண்டும். ஆகவே அவளுக்கு யாரும் எதுவும் சொல்லிக் கொடுக்கக் கூடாது என்று எழுத்தில் உத்தரவு பிறந்தது. அவள் உம்மாவின் தையல் மெசினுக்குக் கீழே, பொத்தான் டின்னோடு ஒதுக்கி வைக்கப்பட்டாள்.

அமுலாக்கம் தொடங்கியது. முதல் மூன்று வாரம் ஆயத்த வேலை. ஹோல் சுவரில் டிமை தாள் ஒட்டி, நோக்கம், வெளியீடு, விளைவு, ஆபத்துகள் என்று நாலு கட்டம் போட்டார் நஸீர். ஆபத்துகள் என்பதன் கீழ் ‘பயனாளிக்குத் தடிமன் வரலாம்’ என்று எழுதினார். நாலாம் வாரம் பயனாளிக்குத் தடிமன் வந்து மூக்கு ஒழுகியது. தமது தூரப்பார்வையை எண்ணி அவர் பூரித்துப் போனார்.

காலை ஒன்பது மணிக்கு அறிமுகம். “என்ட பேர் நிஸ்றா. எனக்கு விருப்பமான பழம் மாம்பழம்,” என்று அவள் தகப்பனுக்குத் தன்னைத் தினமும் அறிமுகப்படுத்துவாள். பிறகு குழுச் செயற்பாடு. நிஸ்றா குழுவாகப் பிரிந்து, குழுத் தலைவரைத் தெரிவு செய்து, கலந்துரையாடி, தாளில் எழுதி, எழுந்து நின்று தனக்குத் தானே முன்வைப்பாள். பதினொரு மணிக்குத் தேநீரும் இரண்டு பிஸ்கட்டும். மாலையில் ஒரு படிவம்: இன்றைய அமர்வு எப்படி, இடவசதி எப்படி, உணவு எப்படி. உணவு என்ற கட்டத்தில் அவள் ‘உம்மா ஆக்கின’ என்று எழுதுவாள்.

இதற்குள் கூட்டல் எப்போது நடந்தது என்று கேட்பவர்கள் அபிவிருத்தி பற்றி ஒன்றும் அறியாதவர்கள்.

ஒருநாள் கள அனுபவப் பயணம். வாவிக் கரைக்குப் போனார்கள். இந்தப் பக்கம் ஏழு தோணி, அந்தப் பக்கம் எட்டுத் தோணி. இயற்கையே வந்து வாய்ப்பாட்டை விரித்தது போல இருந்தது. “அவசரப்படப்படாது,” என்றார் நஸீர். முதலில் இரண்டு கண்டல் மரங்களுக்கு நடுவில் பதாகையைக் கட்டினார். காற்றுக்கு அது ஒரு பக்கம் கழன்றது. மறுபடி கட்டினார். படம் எடுத்தார், சரியாக விழவில்லை, இன்னொன்று எடுத்தார். திரும்பிப் பார்த்தபோது தோணிக்காரர்கள் வலையை ஏற்றிக்கொண்டு போய்விட்டிருந்தார்கள். ‘மீனவ சமூகம் போதிய ஒத்துழைப்பு வழங்கவில்லை’ என்று அன்றைய அறிக்கை சொல்லியது.

மற்ற நாட்களில் நடந்ததுதான் உண்மையான பாடம். மகளுக்கு மூன்று வாய்ப்பாடுகளை அவர் பாடமாக்கினார். ஆரம்பத்துக்கு ஒன்று, நடுவுக்கு ஒன்று, இறுதிக்கு ஒன்று. ஏழும் எட்டும் ஆரம்பத்தில் பதினொன்று, நடுவில் பதினாலு, இறுதியில் பதினைந்து. ஒன்பதும் ஐந்தும் ஆரம்பத்தில் பத்து, நடுவில் பதின்மூன்று, இறுதியில் பதினாலு. இருபது கணக்குக்கு அறுபது விடை. வீட்டுக்கு வந்துபோகும் எந்த மௌலவியும், எந்த டியூசன் மாஸ்டரும் கண்டு திகைக்க வேண்டிய ஞாபக சக்தி அந்தப் பிள்ளைக்கு இருந்தது.

“ஆறும் ஆறும்?” என்பார்.

“ஆரம்பத்துல ஒம்பது, நடுவுல பத்து, இறுதியில பதினொண்டு.”

“மாஷா அல்லாஹ்!”

“வாப்பா, ஆறும் ஆறும் பன்னிரண்டெல்லோ? இறுதியிலயும் பிழையாச் சொல்லணுமா?”

“ஓம் மகள். எல்லாம் சரியெண்டா நூறு வீதம் வந்திரும். நூறு வந்தா சந்தேகப்படுவாங்க. அதோட எல்லாம் முடிஞ்சிட்டெண்டா அடுத்த கட்டத்துக்கு என்ன செய்யிற? ஆறும் ஆறும் இரண்டாம் கட்டத்துக்கு இருக்கட்டும்.”

உள்ளேயிருந்து மெசின் சத்தம் நின்றது.

“இஞ்சாருங்க,” என்று நிஸ்மியா கேட்டாள், “புள்ளைக்கு என்னதான் சொல்லிக் குடுக்கிறீங்க?”

“கூட்டல்.”

“நேத்து ஒம்பது பொத்தானும் அஞ்சி பொத்தானும் எடுத்து வா எண்டன். ‘ஆரம்பத்துக்கா உம்மா?’ எண்டு கேக்கிறாள்.”

“எவ்வளவு தெளிவு பாத்தீங்களா!”

“மறுகா சின்னவள்தான் எடுத்துத் தந்த. சரியா எடுத்துத் தந்தாள்.”

“ஒப்பீட்டுக் குழுவ ஆர் எண்ண விட்ட?” என்று நஸீர் பதறிப்போனார். “கருத்திட்டத்தையே கெடுத்துப் போடுவீங்க போல!”

நிஸ்மியா அலுமாரியைத் திறந்து நிஸ்றாவின் வெள்ளைச் சட்டையை எடுத்தாள். கீழ் விளிம்பில் ஓர் அங்குலம் மடிப்பை அவிழ்த்து நீளமாக்கினாள். நாலு மாதத்தில் பிள்ளை உண்மையாகவே முன்னேறியிருந்தது உயரத்தில் மட்டும்தான்.

தவணை தொடங்க இரண்டு நாள் இருக்கையில், சனிக்கிழமை, வெளி மதிப்பீட்டாளர் வந்தார். கேதீஸ்வரி மெடம். நஸீர் வேலை செய்த நிறுவனத்தின் முன்னாள் பணிப்பாளர், கல்லடியில் வீடு. பழைய நிறுவனம் மூடினாலும் மனம் தளராமல் புதிதாக ஒன்றைத் தொடங்கிக்கொண்டிருந்தார். வீட்டுக் கல்வி என்று ஒரு கொடையாளர் ஆசைப்படுவதாக அவர் காதில் விழுந்திருந்தது. நஸீரின் மாதிரி சரி வந்தால் மாவட்டம் முழுவதும் நூறு வீடு, அவற்றுக்கு ஓர் இணைப்பாளர். நஸீர் அந்தப் பதவியைப் போட்டு விசிட்டிங் காட் அடித்துச் சட்டைப் பைக்குள் வைத்திருந்தார். இது அதிக நம்பிக்கை என்று சிலர் நினைக்கலாம். இல்லை, முடிவை முன்கூட்டியே எழுதிவைப்பதுதான் அவருடைய தொழில்.

ஏற்பாடுகள் பிரமாதமாக இருந்தன. குர்ஆன் கிறாஅத், வரவேற்புரை, டிமை தாள் விளக்கம், ஆரம்பப் படம், பிறகு ‘இறுதி மதிப்பீடு’ என்று தலைப்புப் போட்ட தாளில் இருந்து மெடம் கேட்பார், நிஸ்றா இருபதில் பத்தொன்பது சொல்வாள், தொண்ணூற்றைந்து வீதம், சிரித்தபடி இறுதிப் படம், சிற்றுண்டி. நிஸ்மியா அறை வாசல் சீலைக்குப் பின்னால் நின்றாள். அவள் கையில் மினுக்கிய வெள்ளைச் சட்டை.

ஆனால் மெடத்துக்கு மூன்று மணிக்கு வேறொரு கூட்டம் இருந்தது.

“நஸீர், வரவேற்புரையெல்லாம் மனசுக்குள்ள எடுத்துக்கிட்டன். நேர பிள்ளையப் பாப்பம்,” என்று நாற்காலியில் உட்கார்ந்தார். தாளையும் கையில் எடுக்கவில்லை. நிஸ்றாவைப் பார்த்துச் சிரித்து, “சொல்லுங்க கிளி, ஏழும் எட்டும் எத்தின?” என்றார்.

நிஸ்றா வாயைத் திறந்தாள். மூடினாள். அவள் கண்கள் மெடத்தின் கையில் தலைப்பைத் தேடின. அங்கே கைப்பைதான் இருந்தது. பதாகையைப் பார்த்தாள், அதிலும் ஒன்றும் இல்லை. தகப்பனைப் பார்த்தாள். நஸீர் புருவத்தால் என்னவோ சொன்னார், புருவத்துக்கும் தலைப்பில்லை.

“பதினஞ்சி!” என்று சீலைக்குப் பின்னாலிருந்து ஒரு கீச்சுக் குரல் வந்தது.

“ஒப்பீட்டுக் குழு பறையப்படாது!” என்று நஸீர் கத்தினார்.

“எனக்கும் தெரியும்,” என்றாள் நிஸ்றா கண் கலங்கி. “வாப்பா, இது ஆரம்பமா, நடுவா, இறுதியா?”

“என்ன பிள்ளை?” என்றார் மெடம்.

“ஆரம்பமெண்டா பதினொண்டு மிஸ். நடுவெண்டா பதினாலு. இறுதியெண்டா பதினஞ்சி.” மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். “உங்களுக்கு எந்த அறிக்கைக்கு?”

மெடம் பதாகையைப் பார்த்தார், டிமை தாளைப் பார்த்தார், சுவரில் பதினைந்து வீதத்தில் தொடங்கி தொண்ணூற்றைந்தில் முடியும் கோட்டு வரைபடத்தைப் பார்த்தார். அந்தக் கோட்டை அவர் எங்கேயோ பார்த்திருக்கிறார்.

“நஸீர்.”

“மெடம்.”

“பழுகாமத்துக் கிணத்துத் திட்டம். பதினஞ்சி வீதத்தில இருந்து தொண்ணூத்தஞ்சி. அதுவும் இப்பிடித்தானா?”

“அங்க ரெண்டு தடவையோட சரி வந்திட்டு மெடம். சனம் நல்ல ஒத்துழைப்பு.”

“எனக்கு ஒரு சொல்லுச் சொல்லல்லியே?”

“முதல் நான் அறுபது வீதம் எண்டுதான் அனுப்பின. ‘ஆரம்பம் கூடிப்போச்சி, குறைச்சிக்கிட்டு வாங்க’ எண்டு சிவப்புப் பேனையால எழுதித் திருப்பி அனுப்பினது மெடம்தானே. அண்டைக்குப் படிச்ச பாடம்தான் மெடம் எல்லாம்.” நன்றியில் நஸீரின் குரல் தழுதழுத்தது.

மெடம் தேநீரை எடுத்து ஒரே மடக்கில் குடித்தார். “பிள்ளைகளுக்கு முன்னால தொழில் கதை வேணாம்,” என்றார்.

சீலை விலகியது. நிஸ்மியா வெளியே வந்தாள்.

“மிஸ், நீங்க வெளியாள். நீங்களே சொல்லுங்க. ஏழும் எட்டும் எத்தின?”

பதினேழு வருஷம் பணிப்பாளராக இருந்தவரிடம் இவ்வளவு நேரடியாக ஒருவரும் கேட்டதில்லை. மெடம் கொஞ்சம் தடுமாறினார். “பதினஞ்சிதான் தங்கச்சி.”

“எல்லாக் கட்டத்துக்கும்?”

“…ஓம்.”

“புள்ள மூணு விட சொன்னாள். அப்ப திங்கக்கிழம ஸ்கூல்.”

“அனுப்புங்க,” என்றார் மெடம். “கட்டாயம் அனுப்புங்க.”

நஸீர் சட்டைப் பைக்கு மேல் கையை வைத்துக்கொண்டு சுவரோரம் நின்றார். நாலு மாதம், மூன்று கட்டு டிமை தாள், ஒரு பதாகை. எல்லாம் ஒரு பொத்தான் டின்னிடம் தோற்றுப்போயிற்று. மெடம் எழுந்து செருப்பைப் போட்டார். வாசலில் நின்று திரும்பினார்.

“நஸீர், நீங்களும் திங்கக்கிழம வெள்ளண கல்லடியில நம்மட புதுக் கந்தோருக்கு வாங்க.”

“மெடம்?”

“ஏழு வயசுப் பிள்ளைக்கு மூண்டு வாய்ப்பாடு பாடமாக்கின ஆள நான் வெளியில விட்டு வைக்க ஏலாது. நாளைக்கு வேற நிறுவனம் கொண்டு போயிரும்.”

திங்கட்கிழமை ஏழு மணிக்கு வான் ஒழுங்கைத் தலைப்பில் ஹோன் அடித்தது. நிஸ்றா கம்பியைப் பிடிக்கவில்லை. கேற்றைத் திறந்துகொண்டு ஓடினாள். கால் மணி நேரம் கழித்து நஸீர் மோட்டார் சைக்கிளில் கல்லடிக்குப் புறப்பட்டார். சட்டைப் பையில் விசிட்டிங் காட். அதில் ஓர் எழுத்துக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை.

மாலையில் நிஸ்றா பையைக்கூடக் கழற்றாமல் மெசினடிக்கு வந்தாள்.

“உம்மா, ஸ்கூல்ல ஏழும் எட்டும் பதினஞ்சிதானாம். இடைவேளைக்கு முந்தியும் பதினஞ்சி, புறகும் பதினஞ்சி. நான் ஸகியா டீச்சர்ட்ட ரெண்டு தடவ கேட்டன்.”

“டீச்சர் என்ன சொன்ன?”

“ஒண்டும் சொல்லல்ல. என்ட மூஞ்சியப் பாத்தா, சிரிச்சா.” பிறகு குரலைத் தாழ்த்தி, பெரிய இரகசியம் போலச் சொன்னாள்: “ஆறும் ஆறும் பன்னிரண்டெண்டு இப்பவே சொல்லலாமாம் உம்மா. இரண்டாம் கட்டம் வரைக்கும் நிக்கத் தேவையில்லையாம்.”

கந்தோரிலிருந்து அப்போதுதான் வந்து, சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்த நஸீரின் காதில் இது விழுந்தது. பேனையை எடுத்தார். ஆரம்பத்தில் பதினைந்து, இறுதியில் பதினைந்து. கழித்துப் பார்த்தார். முன்னேற்றம்: பூச்சியம். எத்தனையோ பிள்ளைகள் வருஷக் கணக்காகப் போய்வரும் இடம்! இப்படியும் ஒரு பள்ளிக்கூடம் நடக்கிறதே என்று அவருக்கு மனம் கேட்கவில்லை. உடனடியாக உதவி தேவைப்படும் நிறுவனங்கள் என்ற புதிய பட்டியலில், முதலாவதாக அந்தப் பாடசாலையின் பெயரை எழுதினார்.

புதிய கருத்திட்ட முன்மொழிவின் அட்டைக்கு ஒரு படம் தேவைப்பட்டது.

“மகள், ஸ்கூல் சட்டையோட இஞ்ச வாங்க. ஒருக்காக் கவலையா நில்லுங்க.”

“ஆரம்பத்துக்கா வாப்பா?”

“ஓம் மகள், ஆரம்பத்துக்கு.”

நிஸ்றா நல்ல பிள்ளை. வந்து நின்றாள். உதட்டைக் கீழே இழுத்தாள். அது நிற்கவில்லை. கன்னத்தை உப்பினாள், உடைந்தது. ஸ்கூல் வானை நினைத்துப் பார்த்தாள், இன்னும் மோசமாகிவிட்டது. நஸீர் எத்தனையோ தடவை எடுத்துப் பார்த்தார். எல்லாப் படத்திலும் பிள்ளை சிரித்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில் கமராவை வைத்துவிட்டு, குறிப்புரை என்ற கட்டத்தில், பதினேழு வருஷத்தில் முதல் தடவையாக, நடந்ததை நடந்தபடியே எழுதினார்: ‘பாடசாலை சென்ற ஒரே நாளில் பயனாளி கெட்டுவிட்டார். பொய்த் தரவு தர மறுக்கிறார்.’